ஏழாம் அத்தியாயம் வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

மாட்டிவிட்டார்கள். இந்த மாத வாசகர் வட்டத்தில் நான்தான் பேச வேண்டுமாம். போன மாதக் கூட்டத்துக்குத் தலைவலி என்று போகவில்லை. வராதவர் தலையில்தான் கட்டுவார்கள் என்று தெரிந்தும் போகாமல் இருந்தது என் புத்தி.

நாவலின் பெயர் 'மடங்காக் குடியரசு'. எழுதியவர் யாரென்று தெரியாது, அட்டையே இல்லை. வட்டத்தின் தலைவர் சாத்தப்பன் ஐயாவுக்கு, ஈப்போ பழைய டவுனில் ஒரு கடையைக் காலி செய்தபோது காகிதக் கட்டுக்குள் கிடைத்ததாம். தையல் விட்டுத் தாள் தாளாக இருக்கிறது. பக்க எண் இருந்த மூலைகளைக் கறையான் தின்றுவிட்டது. ஐயா அத்தியாயத்துக்கு ஒரு கிளிப் போட்டு வைத்திருக்கிறார். அவரும் இன்னும் படிக்கவில்லை. கண்டெடுத்தவரே ஆனாலும் முன்கூட்டிப் படிக்கக் கூடாது, எல்லாரும் ஒரே மாதத்தில் படிக்க வேண்டும் என்பது எங்கள் வட்டத்தின் வழக்கம்.

"பத்திரம்மா. ஒலகத்துலயே இந்த ஒரு பிரதிதான் இருக்கு" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். பல் டாக்டராக இருந்தவர். எதைக் கொடுத்தாலும் பிடுங்கிய பல்லைக் காட்டுவது போலத்தான் கொடுப்பார்.

முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு நாட்டில் குடிமக்களின் முழங்கால்களை அரசாங்கம் உடைமையாக்கிக்கொள்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் காலை மடக்கக் கூடாது. உலகத்தில் ஒரு பிரதிதான் இருப்பதற்குக் காரணம் விளங்கிவிட்டது.

7 ஆகஸ்ட், வியாழன்

என் வீட்டுக்காரர் கனகராஜ் இன்று மோட்டார் சைக்கிளில் ஈப்போ போனார். இரண்டு கட்டு கொடுத்தனுப்பினேன். ஒன்று நாவல், பன்னிரண்டு பிரதி. இன்னொன்று எங்கள் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான புத்தகம், நாற்பது பிரதி. அதில் தலைவர் உரை, பின்னால் ஜனவரியிலிருந்து ஜூலை வரை செயலாளராக நான் எழுதிய ஏழு கூட்டக் குறிப்புகள். இரண்டையும் ஃபோட்டோஸ்டாட் எடுத்து, அட்டை வைத்து ஜிலிட் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

"கலந்துடாதீங்க" என்று மூன்று முறை சொன்னேன்.

"ரெண்டு கட்டு, ரெண்டு கை. இதுல என்ன சூசா, என்ன கஷ்டம்?" என்றார்.

சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் என் கூட்டக் குறிப்பு மாதிரி இந்த வட்டாரத்தில் யாரும் எழுத முடியாது. யார் பெயரும் வராது. தலைவர், செயலாளர், முதல் மாடி உறுப்பினர் என்றுதான் போடுவேன். ஊர்ப் பெயர்கூட வராது. வக்கீல் ஆபீசில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள். நாளைக்கு 'என் பேர இழுத்துட்டா' என்று எவரும் சண்டைக்கு வர முடியாது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

பிரதிகள் அழகாக வந்திருக்கின்றன. நீல அட்டை நாவல், பச்சை அட்டை பொதுக்கூட்டம். அவருக்குத் தே தாரிக் போட்டுக் கொடுத்துப் பாராட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே கூச்சப்பட்டார்.

வட்டத்து ஆட்களுக்குக் கொடுத்தது போக ஒன்று மிஞ்சியது. அதைச் சின்ன வயதுத் தோழி புஷ்பலதாவிடம் கொண்டுபோனேன். பாவம், அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. நாங்கள் பிறந்து வளர்ந்த மெர்பாவ் தோட்டத்தை விற்றபோது கம்பெனி எங்களுக்குக் கட்டிக்கொடுத்தது இந்த ஒற்றை புளோக். நாற்பது வீடு, நாலு மாடி, ஒரு லிஃப்ட். அந்த லிஃப்ட் போன அக்டோபரில் நின்றது. டிசம்பரில் இனிப்பு நீர் வியாதி புஷ்பாவின் வலது காலை முட்டிக்கு மேலே வரை கொண்டுபோனது. நாலாம் மாடிக்காரி, அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு உலகம். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். "தேர் எறங்குது, வழி விடுங்க" என்று அவளே கத்திக்கொண்டு வருவாள்.

நாவலின் கதையைச் சொன்னேன்.

"முட்டியையா எடுத்துக்குறாங்க?" என்றாள். "என் ஒரு முட்டிய ஏற்கெனவே அரசாங்க ஆஸ்பத்திரி எடுத்துக்கிச்சு. அடுத்ததுக்கு எப்ப வருவாங்கன்னு படிச்சிச் சொல்லு."

பிறகு, நான் வாங்கிப்போன கெம்போங் மீனைப் பார்த்து முகம் சுளித்தாள். எட்டு மாதமாக மற்றவர்கள் வாங்கிய மீனையே தின்கிறாளாம். பாசாருக்குப் போய், தானே செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரனைத் திட்டி, ஒரே ஒரு மீன் வாங்க வேண்டுமாம். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. லிஃப்ட் சீக்கிரம் சரியாகிவிடும் என்று சொன்னேன். நடைமுறைகள் நடந்துகொண்டிருக்கின்றன என்றும் சொன்னேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மதிய இடைவேளையில் மூன்று அத்தியாயம். நாயகனுக்குப் பெயர் இல்லை. 'உட்காருபவன்' என்கிறார்கள். அமைச்சில் உத்தியோகம். கால் வலிக்கிறவர்கள் வரிசையாக வந்து அவன் முன்னால் நிற்பார்கள். அவர்களுக்குப் பதிலாக அவன் உட்காருவான். பிறகு ரசீது கொடுத்து அனுப்புவான். அவர்களும் 'இப்பத் தேவல' என்று விறைத்த காலோடு வீடு போவார்கள்.

என்ன கண்றாவி இது? இதை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அனுமதிச் சீட்டு வாங்கினாரோ என்னவோ.

13 ஆகஸ்ட், புதன்

புஷ்பா ஒரே நாளில் முழுவதையும் படித்துவிட்டாளாம். "ஏழாம் அத்தியாயம் வந்துட்டியா?" என்று கேட்டாள். இன்னும் நாலிலேயே நிற்கிறேன் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஐந்தாம் அத்தியாயம். குழந்தைகள் தவழ்வதற்குத் தவழ்வு உரிமம் வேண்டும். உரிமத்தை நேரில் வந்து, நின்று, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கோபம் வந்து புத்தகத்தை மேசையில் போட்டேன். எந்த மடையன் இப்படி ஒரு விதி எழுதுவான்?

புஷ்பா மறுபடி: "ஏழு?"

17 ஆகஸ்ட், ஞாயிறு

பொதுக்கூட்டம் கீழ்த்தளத்தில் சிறப்பாக நடந்தது. முப்பத்தொரு வீட்டார் வந்தார்கள். தலைவர் பத்துமலை அண்ணன், தரைத்தளம், லோரி வைத்திருக்கிறவர். உடம்பும் ஏறக்குறைய லோரிதான்.

"கூட்டக் குறிப்பெல்லாம் வாசித்ததாக எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கலாம்லா" என்றது சபை. எல்லார் கண்ணும் பின்மேசையில் இருந்த மீகூன் சாப்பாட்டின் மேல். ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிய, குறிப்புகள் ஒருமனதாக ஏற்கப்பட்டன. அண்ணன் பச்சை அட்டை மேலேயே கையெழுத்துப் போட்டார். பச்சைப் புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. நான் எழுதியது எனக்கே தெரியும், நானும் திறக்கவில்லை.

மூன்றாம் மாடி விமலா மட்டும் லிஃப்டைப் பற்றிக் கேட்டாள்.

"நீ எப்படி கீழ வந்த?" என்றார் அண்ணன்.

"நடந்துதான்."

"அப்ப நீ பாதிக்கப்படல. விதி பதினாலு."

விதி பதினான்கு என் கைவண்ணம். முன்பெல்லாம் ஆளாளுக்கு மாடியில் நின்று கீழே பார்த்துக் கத்துவார்கள். அதனால்தான், பாதிக்கப்பட்டவர் கூட்டத்துக்கு நேரில் வந்து முறையிட வேண்டும், மாடியிலிருந்து கூவுவது ஏற்கப்படாது என்று எழுதினேன். அன்றைக்குக் கைதட்டினார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரன் கொடுத்த தாள் அண்ணன் மேசையில் அக்டோபரிலிருந்து கிடக்கிறது. ஒரு கையெழுத்துதான். முறையீடு இல்லாமல் போட்டால் நாளைக்குத் தன் கழுத்துக்கு வரும் என்று பயப்படுகிறார். அதுவும் நியாயம்தானே?

20 ஆகஸ்ட், புதன்

மழை. ஆபீசில் பைல் குவியல். ஆறாம் அத்தியாயம் முடிந்தது: உட்காருபவனுக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வருகிறது.

23 ஆகஸ்ட், சனி

நாளைக்குக் கூட்டம். இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது. ஏழாவதை விட்டுவிட்டு எட்டுக்குப் போனேன். எட்டில் உட்காருபவன் நின்றுகொண்டிருக்கிறான். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கத் தெரியாதா எனக்கு? இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஏழாவதைப் புரட்டியபோது பத்தி பத்தியாக எண் போட்டு அடர்த்தியாக இருந்தது, ஆபீஸ் தாள் மாதிரி. சனிக்கிழமையுமா அந்தக் கொடுமை என்று புரட்டிவிட்டேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதித் தொலைக்கிறேன்.

என் பேச்சு நன்றாகத்தான் போனது. தவழ்வு உரிமத்துக்குச் சிரித்தார்கள். பேசி முடித்து உட்கார்ந்ததும் நித்யகல்யாணி கையைத் தூக்கினாள். கல்லூரியில் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற பெண், அவளுக்குக் கை தூக்காமல் இருக்கத் தெரியாது.

"கலாக்கா, ஏழாம் அத்தியாயத்த நீங்க தொடவே இல்லையே? அதுதான நாவலோட உயிர்."

"நேரமில்லாம விட்டுட்டேன்" என்றேன். ஒருவகையில் உண்மை.

"ஆறுக்கு அப்புறம் எட்டுன்னுதான் எண் வருது. நடுவுல எண்ணே இல்லாத அத்தியாயம். எழுத்தும் வேற மாதிரி. எப்பேர்ப்பட்ட உத்தி பாருங்க. மத்த எடத்துல அந்த அரசாங்கத்தப் பாத்தா சிரிப்பு வருது. இங்க பயமா இருக்கு. ஏன்னா இத எழுதுற செயலாளருக்குத் தான் என்ன செய்றோம்னே தெரியல. ரொம்ப நல்லவங்க மாதிரி எழுதிக்கிட்டே போறாங்க."

நான் பெரிய விமர்சகி போலத் தலையாட்டினேன். சாத்தப்பன் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

'மின்தூக்கி இயங்காமை குறித்து விவாதிக்கப்பட்டது. படி ஏறி இறங்கக்கூடியவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் ஆகமாட்டார்கள் எனத் தலைவர் தெளிவுபடுத்தினார். மேற்படி பழுதினால் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர், விதி 14-இன்படி, கீழ்த்தளத்தில் நடைபெறும் கூட்டத்துக்கு நேரில் வந்து முறையிட வேண்டும். நான்காம் மாடி உறுப்பினர் இம்முறையும் வரவில்லை. காரணம் தெரிவிக்கப்படவில்லை.'

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. ஒருவருக்குப் புரையேறியது. 'மேற்படி' என் மேற்படி. அந்தக் காற்புள்ளிகூட என்னுடையது.

ஐயா இன்னும் படித்தார். நாலாம் மாடி உறுப்பினர் கீழ்வீட்டோடு மாற்றிக்கொள்ளக் கேட்ட கோரிக்கையை ஆராயத் துணைக்குழு. அந்தத் துணைக்குழுவில் யார் யார் என்று முடிவு செய்ய இன்னொரு துணைக்குழு. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஏப்ரல் மாதம் நான் அதை எழுதியபோது மூன்று முறை திருத்தி எழுதினேன்.

பிறகு ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஏழு தடவ வருது அந்த நாலாம் மாடி ஆளு. பேரு கூட இல்ல, ஒரு வார்த்த பேசல. கதை முடிஞ்சிருது. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஆசிரியர் சொல்லவே இல்ல. எனக்கு அதுதான் மனசுல நிக்கிது. ஒனக்கு என்னம்மா தோணுது?"

"தெரியலீங்க ஐயா" என்றேன். பெயர் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

லீவு போட்டேன். வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. ஃபோட்டோஸ்டாட் கடை வாசலில் மோட்டார் சாய்ந்து இரண்டு கட்டும் ஐந்தடிப் பாதையில் சிதறிவிட்டன. பொறுக்கி அடுக்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரச் சீனப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. "எல்லாமே தமிழ்தான, கலா? கிளிப் போட்டிருந்துச்சி, எண்ணிப் பாத்தேன், சரியா இருந்துச்சி" என்கிறார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும். ஒன்று இங்கே வந்தால் ஒன்று அங்கே போய்விடும் அல்லவா.

சாயங்காலம் புஷ்பா வீட்டுக்குப் போனேன். நீலப் புத்தகம் அவள் மடியில் இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் "ஏழு படிச்சிட்ட" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"மொதல்ல சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். நம்ம கலா நாவல்லாம் எழுதுறான்னு. ஏழாவது தடவ அந்த வரி வந்தப்ப சிரிப்பு வரல." புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினாள். "காரணம் தெரிவிக்கப்படவில்லை. தெனம் சாயங்காலம் இந்தக் கட்டில்ல ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கிற. ஒனக்குத் தெரியாதா காரணம்?"

"விதிப்படி எழுத்து மூலமா…"

"பாரு. கிராணியாட்டமே பேசுற."

எங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்களை இதைவிட மோசமாகத் திட்ட முடியாது. விடிகாலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவான், கணக்கெழுதும் கிராணி. புஷ்பா பிறந்த அன்று அவளுடைய அம்மா லயத்து வீட்டில் வலியோடு கிடந்தார். லயத்துக்கும் பெரட்டுக் களத்துக்கும் இருபது அடி தூரம். சத்தம் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே 'வரவில்லை' என்று போட்டான். சின்ன வயதில் நாங்கள் இருவரும் கிராணி விளையாட்டு விளையாடுவோம். நான்தான் எப்போதும் கிராணி. பென்சில் என்னிடம் இருந்தது.

ஏன் அப்படி எழுதினேன்? யாரும் சொல்லித்தரல. யாரும் கட்டாயப்படுத்தல. அழகா இருந்துச்சி, எழுதினேன். தேத்தண்ணி குடிச்ச வாய தொடச்சிட்டு கீழ வந்து எழுதியிருக்கேன். சீ.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ஒன்று அங்கே போனால்—

பச்சைப் புத்தகத்தை இன்றுதான் திறந்தேன். தலைவர் உரை. அடுத்த பக்கம், என் குறிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில், '7'. மடங்காக் குடியரசின் நிஜமான ஏழாம் அத்தியாயம். நாற்பது வீட்டிலும் இருக்கிறது. முன்மொழிந்து, வழிமொழிந்து, ஒருமனதாக ஏற்கப்பட்டிருக்கிறது.

ஆபீஸ் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். உட்காருபவனுக்கு வந்த கடிதம் ஓர் அரசாணை. 'இனி எல்லாக் கூட்டங்களும் படிக்கட்டின் உச்சியில் நடைபெறும். வந்து சேர்ந்தவர் முட்டி மடக்கிய குற்றவாளி. வராதவர் ஒப்புதல் அளித்தவர்.' யாரும் வருவதில்லை, அதனால் அந்த நாட்டில் எல்லாமே ஒருமனதாக நிறைவேறுகிறது.

முதல் வரியை நாலு தடவை படித்தேன். இருபத்தாறு வருடம் வக்கீல் ஆபீசில் இருந்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

28 ஆகஸ்ட், வியாழன்

அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்:

'அவசரக் கூட்டம். 7 செப்டம்பர், ஞாயிறு, காலை 10. இடம்: நான்காம் மாடி நடைபாதை. 17 ஆகஸ்ட் பொதுக்கூட்டத்தில் ஒருமனதாக ஏற்கப்பட்ட குறிப்பு, பக்கம் 9, முதல் பத்தியின்படி. செயலாளர்.'

மேற்படி என்று எங்கும் போடவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பத்துமலை அண்ணன் பச்சைப் புத்தகத்தோடு வந்தார். எங்கள் இரண்டாம் மாடிக்கு ஏறி வரவில்லை. கீழே நின்று போன் போட்டு என்னை இறங்கச் சொன்னார்.

"என்ன தங்கச்சி இது? முட்டி, கிட்டின்னு போட்டிருக்கு."

"நீங்கதான கேட்டீங்க, வாசித்ததாக எடுத்துக்கலாமான்னு. எடுத்துக்கிட்டோம் அண்ணே."

"இது யாரோ எழுதின கதைலா."

"தலைவர் கையெழுத்து போட்டிருக்கீங்களே அண்ணே. மாத்தணும்னா கூட்டம் போட்டுத்தான் மாத்தணும். கூட்டம் போடணும்னா உச்சியிலதான் போடணும்."

அடுத்த வரியை விரலால் தட்டினார். "இங்க பாரு. மேல வந்தவன் குற்றவாளின்னு இருக்கு. நான் வந்தா?"

"வராட்டி ஒப்புதல்னு இருக்கு. ரெண்டுல ஒண்ண நீங்களே பாத்துக்குங்க."

புத்தகத்தை மூடினார். "படிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். நானும்தான் அண்ணே என்று சொல்ல வந்தேன், அதற்குள் போய்விட்டார்.

6 செப்டம்பர், சனி

வருவாரா?

7 செப்டம்பர், ஞாயிறு

வந்தார்.

பத்து மணிக்குப் படியில் கால் வைத்தார். முதல் மாடியில் நின்று செருப்பைச் சரிசெய்தார். இரண்டாம் மாடியில் என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார், உட்கார்ந்து எழுந்தார். மூன்றாம் மாடியில் விமலா தண்ணீர் கொடுத்தாள். "கூட்டத்த இங்கயே ஆரம்பிச்சிட்டா என்ன?" என்று கேட்டார். "உச்சி இன்னும் வரல அண்ணே" என்றேன். நாற்பத்திரண்டு பேர் பின்னால் வரிசையாக நின்றோம், யாரும் அவரைத் தாண்டிப் போகவில்லை. தாண்ட முடியாது என்பதும் ஒரு காரணம்.

நாலாம் மாடிக்கு வந்து சேர பத்து இருபது ஆனது. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. புஷ்பா தன் வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில், கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி பச்சைப் புடவை கட்டி, பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மூச்சு வாங்க நடைபாதைக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தார். தன்னுடைய லோரியின் தலை தெரிந்தது.

"இங்கேருந்து எல்லாம் தெரியுதே" என்றார்.

"தெரியும் அண்ணே" என்றாள் புஷ்பா. "காலையில நீங்க லோரி எடுக்கறப்பல்லாம் கையாட்டுவேன். கூவக் கூடாதுன்னு விதி. அதனால கைய மட்டும் ஆட்டுனேன். நீங்க நிமிரல."

அண்ணன் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். நானும் தினம் காலையில் அந்த லோரிக்குப் பக்கத்தில்தான் காரை எடுக்கிறேன்.

"தலைவர் அவர்களே" என்று புஷ்பா கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. "நான் கூட்டத்துக்கு நேர்ல வந்திருக்கேன். லிஃப்ட் ஓடல. நான் பாதிக்கப்பட்டிருக்கேன்."

அவ்வளவுதான். பதினொரு மாதமாக வர வேண்டியிருந்த முறையீடு பத்து வினாடியில் வந்துவிட்டது. அண்ணன் பேனா கேட்டார். லிஃப்ட் கம்பெனித் தாளை நான் கொண்டுபோயிருந்தேன். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு விதி பதினான்கை நீக்க வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். வழிமொழிய விமலா முந்திக்கொண்டாள்.

அண்ணனால் உடனே இறங்க முடியவில்லை. புஷ்பா வீட்டில் உட்கார்ந்து எட்டு இடியப்பம் சாப்பிட்டார்.

8 செப்டம்பர், திங்கள்

பழைய ஏழு குறிப்புகளையும் எடுத்து, ஏழு இடத்திலும் அந்த வரியை அடித்து, 'காரணம்: லிஃப்ட் இல்லை. செயலாளருக்குத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புஷ்பாவிடம் காட்டினேன். "மூணாவதுல எழுத்து கோணலா இருக்கு" என்றாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசிய தினம், விடுமுறை. நாவலை முதலிலிருந்து, ஒழுங்கான ஏழாம் அத்தியாயத்தோடு படித்து முடித்தேன். கடைசியில் உட்காருபவன் படிக்கட்டின் உச்சிக்குப் போய், யாருமில்லாத கூட்டத்தில், யாருக்கும் பதிலாக இல்லாமல் தனக்காக உட்காருகிறான். அழுதுவிட்டேன். நல்ல நாவல்தான். கண்றாவி என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

26 செப்டம்பர், வெள்ளி

புது மோட்டார் வந்து, மாட்டி, மதியம் மூன்றுக்கு லிஃப்ட் ஓடியது. ஆபீசில் இருந்தேன். வீட்டுக்காரர் போன் பண்ணினார். பின்னால் ஒரே இரைச்சல். "என்னங்க சத்தம்?" என்றேன். "புஷ்பாதான். மேல கீழன்னு அஞ்சாவது ரவுண்டு போகுது. தம்பி, அண்ணன்னு எல்லாரையும் எறக்கிவிட்டுட்டு அது மட்டும் எறங்க மாட்டேங்குது" என்றார்.

5 அக்டோபர், ஞாயிறு

காலையில் முதலில் பாசார். புஷ்பா ஒரு மீனையும் விடவில்லை. அத்தனையின் செவுளையும் தூக்கிப் பார்த்தாள். மீன்காரன் "அக்கா, வாங்குறீங்களா, வைத்தியம் பாக்குறீங்களா" என்றான். அவனை அரை மணி நேரம் திட்டி, ஒரு கெம்போங் மீன் வாங்கினாள். நான் வாங்கிப்போனதைவிடச் சின்னது. சொல்லவில்லை.

மீனை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அப்படியே வாசகர் வட்டத்துக்குப் போனோம். மூலப் பிரதியைச் சாத்தப்பன் ஐயாவிடம் கொடுத்தேன், உண்மையான ஏழாம் அத்தியாயத்தைச் சரியான இடத்தில் கிளிப் போட்டு. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தச் செயலாளர் நான்தான் என்றும் சொன்னேன். நித்யகல்யாணி முதல்முறையாகக் கை தூக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை, நல்லவேளையாக ஐயாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப அந்த நாலாம் மாடி ஆளு?" என்றார்.

"நான்தாங்க" என்றாள் புஷ்பா. "மீன் கெட்டுடும், சீக்கிரம் பேசி முடிங்க."

வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. பெயர், கையெழுத்து, காரணம் என்று மூன்று கட்டம். கடைசிக் கட்டம் வராதவர்களுக்கு, வந்தவர்கள் காலியாக விடுவோம். புஷ்பா என்னிடமிருந்து பேனாவை வாங்கிப் பெயர் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், அந்தக் கட்டத்தையும் விடவில்லை.

'காரணம்: வர முடிந்தது.'

ஐயா அதை அடிக்கவில்லை.